மடக்குக் கத்தி வாங்குவது பற்றி

நம்முடைய கவிதைகளில் கத்திகளுக்குப் பஞ்சமில்லை. எழுபதுகளில் தொடங்கி இன்றுவரை வந்திருக்கும் புதுக்கவிதைத் தொகுப்புகளில் கைக்குக் கிடைத்த எதைப் புரட்டினாலும், முதுகில் இறங்கும் கத்தி, இருளில் மினுங்கும் கத்தி, சொல்லே கத்தி, மௌனமே கத்தி என்று ஏதாவதொன்று தட்டுப்படும். நான் படித்தவரையில் இவற்றில் ஒன்றுக்கும் பிடி கிடையாது. பிடி மரமா, கொம்பா, பித்தளையா என்ற கேள்வி கவிஞருக்கு எழுவதில்லை. அலகு என்ன இரும்பு, துருப்பிடிக்குமா, கடைசியாகச் சாணை பிடித்தது எப்போது, மடக்கும்போது விரலைக் கடிக்குமா என்பதெல்லாம் அவர் உலகத்துக்கு வெளியே இருக்கும் சமாசாரங்கள். படிமம் ஸ்தூலமான வஸ்துவிலிருந்து எழ வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள்கூட வஸ்துவைத் தொட்டுப் பார்க்காமலேயே படிமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கத்தி அவர்களுக்கு வன்முறை என்ற சொல்லின் சுருக்கெழுத்து, அவ்வளவுதான்.

இது என் கண்ணில் பட்டதற்கு விமர்சன நோக்கு எதுவும் காரணமல்ல. எனக்கு ஒரு கத்தி வாங்க வேண்டியிருந்தது.

என் மகள் ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி வேன் அவளைப் பெருஞ்சாலை முனையில் இறக்கிவிடும்போது இரவு மணி 11.30. அங்கிருந்து அவள் தங்கியிருக்கும் அறைக்கு 10 நிமிஷ நடை. வழியில் விற்காத மனைகள், மூடிக்கிடக்கும் ஒரு மரவாடி, எரியாத 3 தெருவிளக்குகள். ஒரு நாள் எவனோ பைக்கில் அவள் நடைக்குச் சமமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு கூடவே வந்திருக்கிறான். ஒன்றும் பேசவில்லை, ஒன்றும் செய்யவில்லை. மறுநாளும் வந்தான். “அப்பா, ஒரு சின்னக் கத்தி வாங்கி அனுப்புங்கப்பா. மடக்குற மாதிரி. பையில கெடக்கட்டும். ஆயிரத்துக்கு மேல போவேணாம்” என்றாள் தொலைபேசியில். டார்ச் லைட்டுக்கு பாட்டரி கேட்கிற குரல். அந்தச் சாதாரணத் தொனிதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

எனக்குத் தெரிந்த மடக்குக் கத்தி ஒன்றே ஒன்று. அது என் அப்பாவுடையது. எருமைக் கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். பேனாக்கத்தி என்றுதான் வீட்டில் சொல்வோம். அதைக் கொண்டு எந்தப் பேனாவும் சீவப்பட்டு நான் பார்த்ததில்லை. பென்சில் சீவும், தபாலில் வந்த கவரைக் கிழிக்கும், வாழை நாரை வகிரும், வெற்றிலைக் காம்பைக் கிள்ளும், மாங்காயைக் கீற்றுப் போடும், கால் ஆணியைச் செதுக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது திறந்து மூடும். புளிப்பும் கறையும் பட்டு அலகு கறுத்துப்போயிருக்கும். திண்ணைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து, அவர் இறந்த சமயத்தில் கட்டை விரல் அகலமிருந்த அலகு தென்னை ஈர்க்குக்கு நாலு மடங்கு என்கிற அளவுக்கு மெலிந்துவிட்டிருந்தது. அவர் அதைத் தற்காப்புக்கு வைத்திருக்கிறார் என்று யாராவது சொல்லியிருந்தால் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்திருப்பார். அறுப்புக் காலத்தில் களத்தில் ராத்தங்கும்போதுகூட அவர் கையில் எடுத்துக்கொண்டது தடிதான்.

புறநானூற்றில் ஔவை தொண்டைமானிடம் தூது போன பாட்டு எல்லோருக்கும் தெரியும் (95-ஆவது). அவன் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். எல்லாம் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசி, பழுதில்லாமல் பத்திரமாக இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து எந்நேரமும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வது போன்ற இகழ்ச்சி என்று உரைகாரர்கள் அதை வகைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது கருவிகளைப் பற்றிய ஒரு துல்லியமான அவதானமாகப் படுகிறது. தேய்மானம் இல்லாத இரும்புக்குச் சரித்திரமில்லை. புதுக்கவிதையின் கத்திகள் தொண்டைமான் வீட்டுச் சரக்கு. கடைகளில் இன்று ‘தற்காப்புக்கு’ என்று விற்கப்படும் கத்திகளும் அப்படியே.

கடைக்குப் போனபோது இது இன்னும் தெளிவாயிற்று. பாரிமுனை பர்மா பஜாரில் (பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காக 1969-இல் ஏற்பட்டது, இப்போது அங்கே பர்மா என்று சொல்லத் தக்கது மாலை நேரத்து அத்தோ கடைகள்தான்) ஒரு இளைஞர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து முப்பது கத்திகளைப் பரப்பினார். கறுப்பு, பச்சை, வானவில் பூச்சு. மண்டையோடு பொறித்தது ஒன்று. பல்லிருக்கும் அலகு, துளையிருக்கும் அலகு, புலி நகம் மாதிரி வளைந்தது. 150 ரூபாயிலிருந்து 900 வரை. “தற்காப்புக்கா சார், டெய்லி யூஸுக்கா?” என்று கேட்டார். “ரெண்டுக்கும்” என்றேன். “அப்படீன்னா இத எடுங்க” என்று மண்டையோட்டைத் தள்ளினார்.

அவர் கேள்வி சரியான கேள்வி. என் பதில்தான் ஆராயத்தக்கது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மடக்குக் கத்தி இருக்க முடியுமா? கத்தியின் உடற்கூறு என்ன சொல்கிறது?

மடக்குக் கத்தி என்பது நடுவில் உடைந்த கத்தி. உடைந்த இடத்தில் ஓர் ஆணி. அந்த ஆணியைச் சுற்றித்தான் அதன் எல்லாக் குணங்களும் குறைகளும். பழைய முறையில் பூட்டே கிடையாது. பிடியின் முதுகில் படுத்திருக்கும் ஒரு வில்தகடு அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் ஒன்றுதான் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துகிறது. ஸ்விட்சர்லாந்துக்காரர்களின் புகழ்பெற்ற சிவப்புக் கத்தியின் அடிப்படை இதுவே. கார்ல் எல்ஸனர் 1884-இல் ஈபாக்கில் பட்டறை வைத்து, 1891-இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். உலகத்தில் ‘ராணுவக் கத்தி’ என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரே கத்தி அது; அதில் யாரையும் குத்த முடியாது. குத்தினால் அலகு மடங்கிக் குத்தியவன் விரலில் இறங்கும். அதைத் தயாரித்தவர்களுக்கு அப்படியொரு உத்தேசமும் இருக்கவில்லை. தகர டப்பா திறக்கவும் துப்பாக்கியின் திருகாணிகளைக் கழற்றவும் சிப்பாய்களுக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது.

பிரான்ஸில் சவுவா மலைப்பிரதேசத்தில் ஜோசஃப் ஓபினெல் 1890-இல் செய்த கத்தி இன்னும் எளிமையானது. ஒரு பீச் மரக் கட்டை, ஒரு அலகு, ஒரு ஆணி, ஒரு உலோகப் பூண். குடியானவர்கள் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் வெட்ட. 1955-இல்தான் அதற்கு ஒரு பூட்டு வந்தது: பூணின் மேல் சுழலும் ஒரு வளையம், திருப்பினால் அலகு மடங்காது. இதைவிடக் குறைந்த சாமானில் இதைவிட நல்ல பூட்டு செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மரம் ஈரம் குடித்து ஊதினால் அலகு உள்ளேயே இறுகிப்போகும். இரண்டு கையும் இல்லாமல் திறக்கவும் பூட்டவும் முடியாது. ரொட்டி ஓடிப்போகப் போவதில்லை என்பதால் குடியானவனுக்கு அதனால் நஷ்டமில்லை.

ஒரு கையால் திறப்பது என்பது வேறொரு நூற்றாண்டின் ஆசை. 1981-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஸ்பைடர்கோ என்ற கம்பெனி அலகில் ஒரு வட்டத் துளையும், பிடியில் சட்டைப் பையில் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கியும் வைத்தது. கட்டை விரலைத் துளையில் வைத்துத் தள்ளினால் திறக்கும். உபயோகமான கற்பனை; மறு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு மிகவும் உபயோகம். இன்று பர்மா பஜாரில் பரப்பப்படுபவை எல்லாம் அந்தத் துளைக்கும் கொக்கிக்கும் பிறந்த குழந்தைகள். பெரும்பாலானவற்றில் பூட்டு என்பது பிடிக்குள்ளிருக்கும் மெல்லிய உட்தகடு. அலகு திறந்ததும் அந்தத் தகடு பக்கவாட்டில் துள்ளி வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். நன்றாகச் செய்திருந்தால் நம்பகமான ஏற்பாடுதான். ஆனால் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் முட்டு நழுவும். மூன்று கத்திகளை விலைக்கு வாங்கி வந்து, திறந்து, வெறும் விரல்கள் அலகின் பாதையில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேஜை விளிம்பில் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். இரண்டு மடங்கின. 900 ரூபாய்க் கத்தி இரண்டாவது தட்டிலேயே.

இன்னொரு விஷயம். குத்துவதற்கென்று உண்டான பழைய ஆயுதங்களைப் பாருங்கள். பிச்சுவாவோ கட்டாரியோ, கை முன்னால் வழுக்காமல் தடுக்க ஏதாவது ஒரு ஏற்பாடு இருக்கும். பிடியும் அலகும் சேருமிடத்தில் ஒரு தடுப்பு, அல்லது குறுக்கே பிடிக்கும் கைப்பிடி. சட்டைப் பைக் கத்திக்கு அது கிடையாது, இருந்தால் பைக்குள் போகாது. வியர்த்த கை, பயந்த கை, எதிரே எலும்பிலோ பட்டன் மேலோ அலகு தட்டுகிறது. கை வழுக்கித் தன் கத்தியின் கூரிலேயே போய் நிற்கும். அதாவது தற்காப்புக்கு வேண்டியது கனத்த அலகு, கூரான முனை, தடுப்பு, அசையாத பூட்டு. மாங்காய்க்கு வேண்டியது மெல்லிய அலகு, எளிய பிடி, சிறிய உரு. ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கேடு. கடைக்காரர் காட்டிய மண்டையோட்டுக் கத்தியின் அலகு 4 மில்லிமீட்டர் கனம். அதைக் கொண்டு ஒரு ஆப்பிளை நறுக்கினேன். நறுக்கவில்லை, பிளந்தேன்.

சரி, பூட்டு நல்லதாக, முனை கூராக ஒன்று கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதை எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? சால்ட் லேக் நகரத்துப் போலீஸ்காரர் டென்னிஸ் ட்யூலர் 1983-இல் ஒரு கணக்குச் சொன்னார்: கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான், இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் பயிற்சி பெற்ற போலீஸ்காரனுக்கே அதை உருவிச் சுட அவ்வளவு நேரம் ஆகிவிடும். நான் என் மனைவியின் கைப்பையில் கத்தியைப் போட்டு, சமையலறை வெளிச்சத்தில், யாரும் துரத்தாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்கச் சொன்னேன். குடை, சாவிக் கொத்து, மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட்டுகள், ஒரு எலுமிச்சம்பழம், பிறகு கத்தி. 9 வினாடி. திறக்க இன்னும் 3.

அவள் கத்தியை மேஜை மேல் வைத்துவிட்டு, “இதுக்கு ஊக்கே தேவலாம்” என்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஊக்கைப் பற்றி எந்த ஆயுதப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. ஆனால் இந்த ஊரின் நெரிசல் பஸ்களில் போய்வந்த இரண்டு மூன்று தலைமுறைப் பெண்களுக்கு அது என்னவென்று தெரியும். என் மனைவி எண்பதுகளில் பிராட்வேக்கு வேலைக்குப் போய்வந்த ஆறு வருஷமும் புடவைத் தலைப்பில் ஒரு ஊக்கு, வளையலில் இரண்டு. கம்பியைப் பிடித்திருக்கும் கையிலேயே திறந்த ஊக்கு இருக்கும். பின்னாலிருந்து உரசுகிறவன் தொடையில் ஒரு குத்து. அவன் கத்த முடியாது. கத்தினால் ஏன் என்று சொல்ல வேண்டும். அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவான், அல்லது வேறு பக்கம் நகர்வான். சண்டை இல்லை, ரத்தம் இல்லை, சாட்சி இல்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இதை அவள் என்னிடம் சொன்னது இப்போதுதான். “இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? எல்லாரும் வெச்சிருப்பாங்க” என்றாள். ஒரு டஜன் பத்து ரூபாய்க்கு விற்கும் இந்த மடக்குக் கம்பிதான் வாஸ்தவத்தில் அன்றாட உபயோகம், தற்காப்பு என்ற இரண்டு நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறது. அவிழ்ந்த ஜாக்கெட்டையும் தாங்கும். ஆனால் அது வேலை செய்வது கூட்டத்தில். உரசுகிறவனுக்கு அவமானம் என்று ஒன்று இருக்கக்கூடிய, நாலு பேர் கேட்கக்கூடிய இடத்தில். விற்காத மனைகளுக்கு நடுவில் ஊக்கு வெறும் ஊக்கு.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். மெய்ப்புத் திருத்தியே காலம் தள்ளியவனுக்குச் சட்ட வாசகம் படிப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. அங்கே ஒவ்வொரு காற்புள்ளிக்கும் யாராவது ஜெயிலுக்குப் போகிறார்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக்குத்தான், அதுவும் அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில், உரிமம் என்ற பேச்சு வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று அமைந்தவை அதிலும் சேராது. 3 அங்குலக் கத்தி தப்பியது என்று மூடிவைக்கப் போனேன். ஆனால் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், ஆயுதம் என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்தில் நீளத்தையும் அகலத்தையும் பேசவில்லை. தாக்குவதற்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக அமைக்கப்பட்ட அல்லது மாற்றப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம் என்கிறது. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன தடி, கைக்கோல் போன்றவற்றை விலக்குகிறது. இதே தடியைத்தான் என் அப்பா களத்துக்கு எடுத்துப் போனார். ஆக, பொருளைப் பெயர் மாற்றுவது எஃகு அல்ல, உத்தேசம். தற்காப்பு என்ற சொல்லை அதன் மேல் ஒட்டியதும் கத்தி வேறு வரிசையில் போய் நிற்கிறது. இரவு 11.30-க்கு ரோந்துக்காரர் பையைப் பார்த்து இது எதற்கம்மா என்று கேட்டால், உண்மையான பதில்தான் ஆபத்தான பதில்.

இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் ஒரு பழைய வேடிக்கை உண்டு. 1837-இல் மெக்காலேயின் குழு குற்றவியல் சட்ட வரைவைத் தந்தபோது, இந்த தேசத்து ஜனங்கள் கொள்ளைக்காரர்களிடம் அளவுக்கு மீறிப் பொறுமையாக இருக்கிறார்கள், ஆகவே தற்காப்பு உரிமையைத் தாராளமாகவே வைத்திருக்கிறோம் என்று குறிப்பு எழுதியது. அந்த உரிமை 1860-இன் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளாக ஏறி, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 34 முதல் 44 வரை என்று எண் மாறியிருக்கிறது. அந்த வரைவுக்கு நாற்பது வருஷம் கழித்து, 1878-இல், அதே சர்க்கார் ஆயுதச் சட்டம் போட்டு இந்தியன் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டது. உரிமை உண்டு, கருவி இல்லை. உரிமைக்கும் ஓர் எல்லை: காத்துக்கொள்ள எவ்வளவு அவசியமோ அவ்வளவே. இருட்டில், 12 வினாடியில், அவசியத்தின் அளவை யார் அளப்பது என்பது பிற்பாடு, வெளிச்சத்தில், மின்விசிறிக்கு அடியில் தீர்மானிக்கப்படும்.

ஜப்பானில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஹிகோனோகாமி என்று ஒரு மடக்குக் கத்தி. பித்தளைத் தகட்டை மடித்துச் செய்த பிடி, பூட்டு இல்லை. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவுவது. 1960 அக்டோபரில் சோஷலிஸ்ட் தலைவர் அசனுமா மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது 17 வயதுப் பையன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியது குறுவாளால். அதன் பிறகு கிளம்பிய இயக்கத்தில் பறிபோனவை பிள்ளைகளின் பென்சில் கத்திகள். நம் நாட்டில் வேறு திசை. ராம்பூரில் நவாப் காலத்துக் கைவினையாக இருந்து, ஹிந்தி சினிமா வில்லன்கள் பட்டனைத் தட்டித் திறந்து திறந்து உலகறியச் செய்த கத்திக்கு 2023-இல் அந்த ஊர் நாற்சந்தியில் 20 அடியில் ஒரு சிலை வைத்துவிட்டார்கள். செய்கிறவர்கள் சிலரே எஞ்சியிருக்கும்போது சிலை எழும்புவது எல்லாக் கலைகளுக்கும் நேர்வதுதான்.

போர்ஹேயின் ‘தெற்கு’ கதையை நம் வாசகர்கள் படித்திருப்பார்கள். நூலகத்தில் வேலை பார்க்கும் டால்மன் நோயிலிருந்து எழுந்து தெற்கே ரயிலேறுகிறான். ஒரு சமவெளிக் கடையில் குடிகாரர்கள் வம்புக்கிழுக்கிறார்கள். அவனிடம் ஆயுதமில்லை. அதுவரை அசைவற்று மூலையில் கிடந்த ஒரு கிழவன் ஒரு கத்தியை அவன் காலடியில் எறிகிறான். டால்மன் குனிந்து எடுக்கிறான். எடுத்த கணத்தில் இரண்டு விஷயம் புலனாகிறது: இனி சண்டையிலிருந்து பின்வாங்க முடியாது, பழக்கமில்லாத தன் கையில் இந்தக் கத்தி தன்னைக் காக்கப் பயன்படப் போவதில்லை, தன்னைக் கொல்வதை நியாயப்படுத்தத்தான் பயன்படும். பல வருஷத்துக்கு முன் இதை விதி, ஆண்மையின் கனவு, லத்தீன் அமெரிக்கத் தொன்மம் என்றெல்லாம் பேசித் தீர்த்திருக்கிறோம். அந்தப் பேச்சு தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது எனக்குக் கண்ணில் நிற்பது கத்தியை எறிந்த கிழவன். அவன் உதவி செய்தவன்போல இருக்கிறான். வேறு எதையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறான். 

2012 டிசம்பரில் தில்லியில் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததற்குப் பிறகு, 2013 ஜனவரியில் மும்பையில் சிவசேனா பெண்களுக்குக் கத்தி வழங்கியது. கத்தி இல்லாத வீடு இந்தியாவில் ஏது? அரிவாள்மனையில் குந்தி உட்கார்ந்து நாளெல்லாம் நறுக்குகிறவளிடம் போய்க் கத்தி கொடுப்பதன் அர்த்தம், இனி உன் பாடு உன்னுடையது என்பதுதான். மூலையில் உட்கார்ந்துகொண்டு எறிவது. தன்னைத் தான் காத்துக்கொள்வதைப் பெண் லக்ஷணத்தில் முதலில் வைப்பது நமக்குப் புதிதுமல்ல. வாழ்க்கைத் துணைநலத்திலேயே இருக்கிறது.

நான் என்ன எறியப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் கத்தி கேட்டாள், உண்மை. ஆனால் அந்த 10 நிமிஷ நடை எப்படி உண்டாயிற்று? பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்றிருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆவது பிரிவுத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்றது. பெண்களே கேட்டுப் பெற்ற தீர்ப்பு, சரியான தீர்ப்பு. கூடவே நிபந்தனைகள் விதித்தது. அழைத்து வந்து திருப்பிக் கொண்டுபோய் விட வாகனம் என்பது அவற்றில் ஒன்று. வாகனம் இருக்கிறது. பெருஞ்சாலை முனையோடு திரும்பிவிடுகிறது, உள்ளே தெருக்கள் குறுகலாம், டீசல் ஆகிறதாம். நிர்வாகம் மிச்சம் பிடிக்கும் அந்த முக்கால் கிலோமீட்டர் டீசல், என் மகள் பையில் 3 அங்குல இரும்பாக வந்து உட்காரப் பார்க்கிறது. விலை 1000 ரூபாய்க்குள், அதுவும் என் செலவில். இப்படிச் சொன்னால் இடதுசாரிப் பிரசங்கமாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவருக்குப் பெண் குழந்தை இல்லை என்பதைச் சொல்வது நியாயமான வாதமாகாது, ஆனாலும் சொன்னேன்.

அவளிடம் இதையெல்லாம் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சரிப்பா, அதெல்லாம் வேற. எனக்குக் கத்தி வேணும். ரூம்ல ஒண்ணுமே இல்ல, பார்சல் பிரிக்கக்கூடப் பல்லாலதான் கடிக்கிறேன்” என்றாள். இது ஒரு புதிய தகவல்.

விதையும் பூச்சிமருந்தும் விற்கும் ஒரு கடையில், மரங்களுக்கு ஒட்டுக்கட்டப் பயன்படும் மடக்குக் கத்தி இருந்தது. 240 ரூபாய். மரப் பிடி, வில்தகடு, பூட்டில்லை. அலகு 2¾ அங்குலம்; நேர்கோடாக, மெல்லியதாக, ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்தது. ஒட்டுக் குச்சியைச் சீவும்போது வெட்டு வாய் கண்ணாடி போல இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுப் பிடிக்காது. ஆகவே இந்தக் கத்தியில் ஏமாற்றினால் விவசாயி திரும்பி வந்து சண்டைக்கு நிற்பான். துருப்பிடிக்கும் இரும்பு. அப்படிப்பட்ட இரும்பில்தான் வீட்டுக் கல்லிலேயே கூர் சுலபமாக ஏறும். முனை மொண்ணை. பிடியின் மறு முனையில் மரப்பட்டையை நெம்ப ஒரு சிறு நாக்கு. தபால் கவர் பிரிக்க அது அற்புதமாக உதவும் என்று பட்டது. “மாவுக்கா, கொய்யாவுக்கா?” என்று கேட்டார் கடைக்காரர். தெரிந்துகொண்டுதான் கேட்கிறார் என்பதால் பொய் சொல்ல மனம் வரவில்லை. வெளியூரில் இருக்கும் பெண்ணுக்கு என்றேன். மாம்பிசின் பட்டால் மண்ணெண்ணெயில் துடைக்கச் சொன்னார், மற்றபடி ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும், ஆணியில் விட்டு நாலு தடவை திறந்து மூட வேண்டும் என்றார்.

மடங்கிய அந்த இரண்டும் பரணில் கிடக்கின்றன. மூன்றாவதை என் மனைவி தேங்காய் கீறப் பயன்படுத்திப் பார்த்து, லாயக்கில்லை என்று தள்ளிவிட்டாள்.

பார்சலோடு ஒரு விசில் வைத்தேன், பி.டி. மாஸ்டர்கள் ஊதுவது. ஊக்கு அட்டை அவளுடைய அம்மா வைத்தது. அடுத்த வாரம் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மனு வந்தது. வேன் அவரவர் தங்கும் இடத்தின் வாசல்வரை வர வேண்டும், அதுவரை பெருஞ்சாலை முனையிலிருந்து கூட வர ஒரு காவலாள் வேண்டும், 3 விளக்குகளுக்காக ஊராட்சிக்கு நிர்வாகம் எழுத வேண்டும் என்று. கீழே 14 கையெழுத்து. தமிழ் சரியாக இருக்கிறதா பார்க்கச் சொல்லியிருந்தாள். இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, ‘முறையீடு’ என்பதற்கு ‘முறையிடு’ என்றிருந்தது. ‘தாழ்மையுடன்’ என்ற சொல் மூன்று முறை வந்தது. அதில் இரண்டை எடுத்துவிட்டேன். மனுவைக் கொடுத்து 19 நாளாகிறது. பைக்காரன் இப்போது சனிக்கிழமைகளில் மட்டும் வருகிறானாம். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் தங்கியிருக்கும் நாலு பேரும் சேர்ந்து நடக்கிறார்கள். சனிக்கிழமை மற்ற மூவரும் ஊருக்குப் போய்விடுகிறார்கள்.